மலையில் உடம்பு சரியில்லையா? அறிகுறியைப் பார்த்து முடிவெடுக்கும் வழி

கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல் இருக்கும்போது ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், வேறு காரணம் தெளிவாகத் தெரியும்வரை அது உயரத்தால் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். "நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை", "ராத்திரி சரியாகத் தூங்கவில்லை", "வெயில் பட்டுவிட்டது" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே மேலே ஏறுவதுதான் சின்னத் தொல்லையை உயிராபத்தாக்குகிறது. தலைவலி எவ்வளவு கடுமை என்பது இரண்டாம் பட்சம். ஆறு மணி நேரத்துக்கு முன்பு இருந்ததற்கு இப்போது தேவலையா, மோசமா என்பதே முதல் கேள்வி. மோசம் என்றால், அவர் சொந்தக் காலில் நடக்கும் நிலையில் இருக்கும்போதே கீழே இறக்கிவிட வேண்டும்.

எதற்கும் முன்னால் மூன்று சோதனைகள்

நோயாளி என்ன தொல்லை சொன்னாலும் முதலில் இவற்றைச் செய்யுங்கள். கால் மணி நேரம் போதும்.

மூச்சு: பத்து நிமிடம் அசையாமல் உட்கார வையுங்கள். பிறகு அவருக்குத் தெரியாமல் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். உயரத்தில் எல்லோருக்குமே மூச்சு கொஞ்சம் வேகமாகத்தான் இருக்கும். அதனால் கூட வந்த இரண்டு பேரையும் எண்ணிப் பார்த்து ஒப்பிடுங்கள். மற்றவர்கள் அடங்கிவிட்டபோது அவருக்கு மட்டும் இன்னும் மேல்மூச்சு வாங்கினால், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் நடுவில் நிறுத்தினால், சோதனை தவறியது.

நடை: முதுகுப் பையை இறக்கச் சொல்லி, சமதளத்தில், ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் கட்டைவிரலை ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். திரும்பி வரவும் வேண்டும். சறுக்கலான தரையில் நல்ல உடம்புக்காரரும் தடுமாறுவார். ஆகவே அதே கோட்டில் நலமாக இருக்கும் ஒருவரையும் நடக்க வைத்துப் பாருங்கள். கோட்டை விட்டு விலகினாலோ, கையை விரித்துச் சமாளித்தாலோ, திரும்பும்போது சாய்ந்தாலோ சோதனை தவறியது.

நினைவு: இன்று என்ன கிழமை, நேற்று எங்கே தங்கினோம், நாளை எங்கே போகிறோம் என்று கேளுங்கள். தவறான பதில் மட்டுமல்ல, வழக்கமாகப் பேசுகிறவர் பேச்சுக் கொடுக்காமல் ஒதுங்கி உட்கார்ந்திருப்பதும், காரணமில்லாமல் எரிந்து விழுவதும் இதில் சேரும். காலணிக் கயிற்றைக் கட்டத் தெரியாமல் முழிப்பதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்றில் எது தவறினாலும் இறங்கத் தயாராகிக்கொண்டே, கீழே "மூச்சு அடங்கவில்லை" அல்லது "நடை தள்ளாடுகிறது" என்ற பகுதிக்குப் போய்விடுங்கள். மற்றவற்றைப் படித்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். மூன்றும் சரி என்றால் நிதானமாகத் தொடரலாம்.

உடம்புக்குள் நடப்பது

மலை உச்சியிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 20.9 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 3,500 மீட்டரில் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன்தான் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும். 5,500 மீட்டரில் பாதி. உடம்பு உடனே வேகமாக மூச்சுவிட்டு இதை ஈடுகட்டப் பார்க்கிறது. அப்படி விடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி, இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. மூளை அதைப் பார்த்து, "போதும், மெதுவாக மூச்சுவிடு" என்று கட்டுப்படுத்துகிறது. இந்தக் கடிவாளம் தளர வேண்டுமானால் சிறுநீரகங்கள் பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியேற்ற வேண்டும். அதற்கு நாள் கணக்கில் ஆகும். உயரத்துக்குப் பழகுதலின் தொடக்கம் இதுதான். அசிட்டசோலமைடு என்ற மாத்திரை, டயமாக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது, இந்தச் சிறுநீரக வேலையைத்தான் விரைவுபடுத்துகிறது. அது நோயை மூடி மறைப்பதில்லை, பழகுவதற்கே உதவுகிறது. அதனால்தான் அதை நம்பலாம் என்கிறோம்.

நல்ல உடற்பயிற்சி இருக்கிறது, மாரத்தான் ஓடுகிறேன் என்பதெல்லாம் இதில் பாதுகாப்பு இல்லை. இன்னும் சொல்லப்போனால், தெம்பானவர்தான் வேகமாக ஏறி முதலில் படுக்கிறார்.

தலை வலிக்கிறது

எப்போது தொடங்கியது என்று பாருங்கள். உயரத் தலைவலி பெரும்பாலும் புதிய உயரத்துக்கு வந்த 6 முதல் 12 மணி நேரத்துக்குள், அதாவது மாலையிலோ முதல் இரவிலோ தொடங்கும். அதே உயரத்தில் மூன்று நாள் நன்றாக இருந்துவிட்டு நான்காம் நாள் தலைவலி என்றால் வேறு காரணத்தையும் தேடுங்கள்.

உட்கார வைத்து, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லி, பாராசிட்டமால் 500 முதல் 1,000 மி.கி. அல்லது இபுபுரூஃபன் 400 மி.கி. கொடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முழுக்கத் தெளிந்து வேறு தொல்லையும் இல்லை என்றால் நீர்ச்சத்துக் குறைவோ வெயிலோ காரணமாக இருந்திருக்கலாம். தெளியவில்லை, அல்லது கூடவே குமட்டல், சோர்வு, கிறுகிறுப்பு இருக்கிறது என்றால் அது உயர்மலை நோய்.

தீவிரத்தை அளக்க லேக் லூயிஸ் மதிப்பெண் என்ற முறை இருக்கிறது. தலைவலி, வயிற்றுத் தொல்லை, சோர்வு, கிறுகிறுப்பு ஆகிய நான்குக்கும் இல்லை என்றால் 0, லேசு 1, நடுத்தரம் 2, தாங்க முடியாதது 3 என்று போட்டுக் கூட்டுங்கள். தலைவலிக்கு ஒன்றாவது இருந்து, மொத்தம் 3 வந்தால் நோய் உண்டு. 3 முதல் 5 வரை லேசானது, 6 முதல் 9 வரை நடுத்தரம், 10 முதல் 12 வரை கடுமை. பழைய அட்டவணையில் தூக்கமின்மையும் இருந்தது. 2018-இல் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள், ஏனென்றால் நோய் இல்லாதவருக்கும் உயரத்தில் தூக்கம் கெடும். இந்த எண்ணைக் காலையிலும் மாலையிலும் எழுதி வையுங்கள். எழுதி வைத்தால்தான் "நேற்றைவிடப் பரவாயில்லை" என்ற வெறும் பேச்சுக்கு இடமிருக்காது.

லேசானது என்றால் இறங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மீட்டர்கூட மேலே போய்த் தங்கக் கூடாது. அதே இடத்தில் ஓய்வு, வலிநிவாரணி, வேண்டுமானால் அசிட்டசோலமைடு 250 மி.கி. 12 மணிக்கொரு முறை. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளில் சரியாகிவிடும். ஒரு நாள் கழித்தும் கொஞ்சமும் குறையவில்லை, அல்லது எண் ஏறுகிறது என்றால் 300 முதல் 1,000 மீட்டர் வரை இறங்குங்கள். பலருக்கு 300 மீட்டரிலேயே முகம் தெளிந்துவிடும்.

இன்னொன்று: கூடாரத்துக்குள் அடுப்பு எரித்தீர்களா? மூடிய அறையில் கரி மூட்டியிருந்ததா? உள்ளே இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் அது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். உடனே எல்லோரும் வெளியே வாருங்கள், ஆக்சிஜன் இருந்தால் கொடுங்கள். விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜன் சதவீதத்தை அளக்கும் ஆக்சிமீட்டரால் இந்த விஷவாயுவைப் பிரித்தறிய முடியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் அது நல்ல எண்ணையே காட்டும்.

குமட்டுகிறது, வாந்தி வருகிறது

வயிற்றுப்போக்கும் சேர்ந்திருந்தால் உணவுக் கோளாறாக இருக்கலாம். தலைவலியோடு வெறும் வாந்தி மட்டும் என்றால் உயரம்தான். இரண்டிரண்டு மடக்காகக் குடிக்கக் கொடுங்கள். வாந்தியை அடக்க ஆன்டான்செட்ரான் 4 மி.கி. உதவும், நாக்கில் கரையும் வகை வசதி. விழுங்கிய மாத்திரையும் தங்கவில்லை என்ற நிலை வந்துவிட்டால் அங்கே காத்திருக்க வேண்டாம், இறங்குங்கள். அதற்காக லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடிக்க வைப்பதும் தவறு. அளவுக்கு மீறிய தண்ணீர் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து, அதுவே தலைவலி, வாந்தி, குழப்பம் என்று உயர்மலை நோய் மாதிரியே வரும். சிறுநீர் இளமஞ்சளாகப் போனால் தண்ணீர் போதும்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது

பக்கத்தில் படுத்தவர் பதறிப்போய் எழுப்பும் அறிகுறி இது. சில வேகமான மூச்சு, பிறகு சில நொடி அடங்கல், மறுபடி பெருமூச்சு. மேலே சொன்ன கடிவாளம் இழுப்பதும் விடுவதுமாக இருப்பதால் வரும் ஒழுங்கு இது, ஆரோக்கியமானவருக்கும் வரும். தூக்கம் கெடுவதைத் தவிர தீங்கில்லை. தொல்லை அதிகமானால் படுக்குமுன் அசிட்டசோலமைடு 125 மி.கி. எடுக்கலாம். மது வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்தும், அபின் வகை வலிமருந்துகளும் வேண்டவே வேண்டாம், இவை மூச்சையே மட்டுப்படுத்தும்.

முகமும் கையும் வீங்கியிருக்கிறது

காலையில் இமை தடித்து, மோதிரம் இறுகியிருக்கும். மற்ற அறிகுறி இல்லையென்றால் பயமில்லை. மோதிரத்தை முதல் நாளே கழற்றிவிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அது இரத்தக்கட்டாக இருக்கலாம், மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம்.

மூச்சு அடங்கவில்லை, இருமல் விடவில்லை

உயர்மலை நோய்களில் அதிகம் உயிரைக் குடிப்பது இதுதான்: நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளுதல். புதிய உயரத்துக்கு வந்த இரண்டாம் இரவிலிருந்து நான்காம் நாள் வரை எதிர்பாருங்கள். தலைவலியே இல்லாமல் வரலாம் என்பதுதான் ஏமாற்றும் இடம்.

முதல் அடையாளம் மிகச் சாதாரணமாக இருக்கும். நேற்றுவரை முன்னால் நடந்தவர் இன்று எல்லோருக்கும் பின்னால் வருகிறார். சின்ன ஏற்றத்துக்கே நின்று நின்று மூச்சு வாங்குகிறார். வறட்டு இருமல். இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்த கட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத்திணறல், படுத்தால் அதிகம், நெஞ்சு இறுக்கம், நாடி படபடப்பு, உதடும் நகமும் நீலம். முதுகில் காதை வைத்தால் மூச்சை இழுக்கும்போது நறநறவென்று சத்தம், பெரும்பாலும் வலப்பக்கம் முதலில். கடைசியில் இளஞ்சிவப்பாக நுரைத்த சளி. அதுவரை காத்திருப்பவர்கள் தாமதித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

லேசான காய்ச்சலும் இதில் வரும். அதை வைத்து நிமோனியா என்று முடிவு செய்து கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்துப் படுக்க வைப்பது பழைய தவறு. 1960-இல் அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் ஹூஸ்டன் எழுதிய கட்டுரைக்குப் பிறகே இது தனி நோய் என்ற புரிதல் பரவலாயிற்று. ஆக்சிஜன் குறையும்போது நுரையீரல் இரத்தக்குழாய்கள் சுருங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவில் சுருங்காததால், சுருங்காத பகுதிக்குள் இரத்தம் அதிக அழுத்தத்தோடு பாய்ந்து, நீர் கசிந்து காற்றறைகளில் சேர்கிறது. உடம்பில் மொத்த நீர் அதிகமானதால் வருவதல்ல. எனவே சிறுநீர் பெருக்கும் மருந்து கொடுத்து நீரை வடிக்கப் பார்ப்பது உதவாது, கெடுதலாகவும் முடியும்.

செய்ய வேண்டியவை:

1. உட்கார்ந்த நிலையில் வையுங்கள். குளிரும் உடலுழைப்பும் நுரையீரல் அழுத்தத்தை ஏற்றும். அதனால் போர்த்திவிடுங்கள், சுமையை வாங்கிக்கொள்ளுங்கள்.
2. ஆக்சிஜன் இருந்தால் நிமிடத்துக்கு 2 முதல் 4 லிட்டர். ஆக்சிமீட்டரில் 90-க்கு மேல் நிற்கும் அளவுக்கு.
3. குறைந்தது 1,000 மீட்டர், அல்லது அறிகுறி அடங்கும்வரை, இறக்குங்கள். வண்டியோ குதிரையோ ஆள் முதுகோ கிடைத்தால் அதில்தான். நடந்தே ஆக வேண்டும் என்றால் மிக மெதுவாக. பாதை ஓரிடத்தில் ஏறி இறங்குமானால் அந்த ஏற்றம்கூட அவரை வீழ்த்தும், அங்கே தூக்கிச் செல்லுங்கள்.
4. ஆக்சிஜனும் இல்லை, உடனே இறங்கவும் வழியில்லை என்றால் மட்டும் இரத்தக்குழாய்களைத் தளர்த்தும் நிஃபெடிபைன், மெதுவாக வெளிப்படும் வகை, 30 மி.கி., 12 மணிக்கொரு முறை. இரத்த அழுத்தம் குறையலாம், சட்டென்று எழுந்து நிற்க விடாதீர்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டாடாலாஃபில் வகை மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

கடைகளில் விற்கும் கைக்கு அடக்கமான ஆக்சிஜன் டப்பாவை நம்பி இருந்துவிடாதீர்கள். 10 லிட்டர் வாயு உள்ள டப்பா, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஐந்தே நிமிடம் வரும். 400 லிட்டர் வாயு உள்ள சிறிய உருளைகூட மூன்று மணி நேரம் இருபது நிமிடம்தான். இறங்க எத்தனை மணி நேரமாகும் என்று கணக்குப் போட்டுத்தான் திறக்க வேண்டும்.

நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது

மூளை வீங்கத் தொடங்கிவிட்டது. உயர்மலை நோயைக் கவனிக்காமல் விட்டதன் அடுத்த கட்டம் இது. நுரையீரலில் நீர் கோத்தவருக்கும் சேர்ந்து வரலாம். நடை தடுமாற்றத்திலிருந்து நினைவிழப்பு வரை ஒரு நாளுக்குள் போய்விடும், சில நேரம் சில மணி நேரத்தில். இதில் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சே கூடாது. நள்ளிரவானாலும், பாதை ஆபத்தில்லாமல் இருக்குமானால், அப்போதே கிளம்புங்கள்.

நோயாளி மறுப்பார். "எனக்கொன்றுமில்லை, தூங்கினால் சரியாகிவிடும்" என்பார். முடிவெடுக்கும் உறுப்பே பழுதாகியிருக்கும்போது அவர் சம்மதத்துக்குக் காத்திருக்க முடியாது. அவர் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர் என்ற மரியாதையும் இந்த நேரத்தில் குறுக்கே வரக் கூடாது. குழுத் தலைவருக்கே வந்தால் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்.

டெக்சாமெத்தசோன் முதலில் 8 மி.கி., பிறகு 6 மணிக்கொரு முறை 4 மி.கி. விழுங்க முடியாதவருக்கு வாயில் எதையும் போடாதீர்கள், ஊசி போடத் தெரிந்தவர் இருந்தால் ஊசி. ஆக்சிஜன் இருந்தால் கொடுங்கள். 1,000 மீட்டர் அல்லது அதற்கு மேல் இறக்குங்கள். இந்த மருந்து சில மணி நேரத்தில் ஆளைத் தெளியவைக்கும். அதைப் பார்த்து இறங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். டெக்சாமெத்தசோன் வீக்கத்தை அடக்குகிறதே தவிர உயரத்துக்குப் பழக்குவதில்லை. நிறுத்தியதும் நோய் திரும்பும். கிடைத்த தெளிவை நடந்து இறங்கப் பயன்படுத்துங்கள்.

பனிப்புயலில் மாட்டிக்கொண்டு இறங்கவே வழியில்லை என்றால் காமோ பை. இகோர் காமோ வடிவமைத்த, ஆள் படுக்கும் அளவுள்ள காற்றுப்பை இது. உள்ளே அழுத்தத்தைக் கூட்டி 1,500 மீட்டருக்கும் மேல் இறங்கியதைப் போன்ற நிலையைத் தரும். கால்மிதி பம்பை இடைவிடாமல் மிதிக்க வேண்டும். பை உப்பிவிட்டதே என்று நிறுத்தினால் உள்ளே கரியமில வாயு சேர்ந்துவிடும். ஒரு மணி நேரம் வைத்து, வெளியே எடுத்து, நடைச் சோதனை செய்து, தேவைப்பட்டால் மறுபடி. வெளியே வந்த சில மணி நேரத்தில் அறிகுறி திரும்பலாம். ஆகவே கிடைத்த அவகாசத்தில் இறங்குங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கையோ காலோ மட்டும் விழுந்துவிட்டது என்றால் பக்கவாதம் என்று எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். மூளை வீக்கம் பொதுவாக ஒருபக்கமாக வராது.

விரல் நுனி மரத்துப்போகிறது, அடிக்கடி சிறுநீர் வருகிறது

அசிட்டசோலமைடு எடுக்கிறீர்களா? அப்படியானால் இரண்டும் மருந்தின் வேலை. விரல், உதடு ஓரத்தில் குறுகுறுப்பு வந்து போகும். குமிழி விடும் பானங்கள் சப்பென்று இருக்கும். நிறுத்த வேண்டியதில்லை. சல்ஃபா மருந்து எப்போதாவது கடும் ஒவ்வாமை தந்திருந்தால் மட்டும், ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆக்சிமீட்டர் 84 காட்டுகிறது, ஆனால் உடம்பு நன்றாக இருக்கிறது

3,500 மீட்டரில் ஓய்வாக இருக்கும்போது பெரும்பாலும் 85 முதல் 92 வரை காட்டும். விரல் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் எண் பொய் சொல்லும். கையைச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எண் நிலைத்த பிறகு படியுங்கள். ஒரு எண்ணை வைத்து நோய் உண்டு இல்லை என்று சொல்லக் கூடாது. கூட்டாளிகள் எல்லோரும் 88 இருக்கும்போது ஒருவர் மட்டும் 72 என்றால், அவர் சிரித்துக்கொண்டிருந்தாலும் மூச்சுச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது

பேசத் தெரியாத குழந்தைக்குத் தலைவலி என்பது அழுகையும், பால் குடிக்காமையும், விளையாடாமையும்தான். வேறு காரணம் சட்டென்று பிடிபடவில்லையென்றால் இறக்கிவிடுங்கள். குழந்தைகளிடம் பொறுத்துப் பார்க்கும் சோதனை வேண்டாம்.

வராமல் பார்த்துக்கொள்ள

கணக்கில் வருவது பகலில் தொட்ட உயரமல்ல, இரவில் தூங்கும் உயரம். 5,000 மீட்டர் கணவாயை வண்டியில் கடந்து இரண்டு மணி நேரத்தில் தாழ இறங்குவதும், அங்கே கூடாரம் போட்டுப் படுப்பதும் ஒன்றல்ல. 3,000 மீட்டருக்கு மேல் ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கொரு முறை அதே உயரத்தில் இன்னொரு இரவு. உதாரணமாக 2,700, 3,200, 3,700, மறுபடி 3,700 (பகலில் 4,100 வரை ஏறி இறங்கலாம்), 4,200, 4,600. தங்க இடமில்லாமல் ஒரே நாளில் 900 மீட்டர் ஏறியாக வேண்டிய பாதையானால், அதற்கு முன்போ பின்போ ஓய்வு நாளைச் சேர்த்துச் சராசரியை 500-க்குள் கொண்டுவாருங்கள்.

லே, லாசா, லா பாஸ் போல 3,500 மீட்டர் சுமாரிலோ அதற்கும் மேலோ உள்ள ஊர்களுக்கு விமானத்தில் நேராக இறங்குகிறவர்கள் முதல் இரண்டு நாள் சுமை தூக்காமல், மாடிப்படி ஓடாமல், மதுவும் தூக்க மாத்திரையும் இல்லாமல் இருக்க வேண்டும். இந்தப் பயணங்களுக்கு அசிட்டசோலமைடு 125 மி.கி., 12 மணிக்கொரு முறை, கிளம்புவதற்கு முதல் நாளே தொடங்கி, உச்ச உயரத்துக்கு வந்த பின் இரண்டு நாள் வரை எடுப்பது நல்லது. குழந்தைகளுக்கு ஒரு வேளைக்கு எடை கிலோவுக்கு 2.5 மி.கி., 125-ஐத் தாண்டாமல். கர்ப்பிணிகளும், இதய நோய், நுரையீரல் இரத்தக்குழாய்களில் உயர் அழுத்தம், சிக்கிள் செல் இரத்தச்சோகை உள்ளவர்களும் பயணத் தேதி குறிக்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன எல்லா மருந்துகளுக்கும் சீட்டும் அளவும் அப்போதே வாங்கி, அட்டையில் எழுதிப் பையில் வையுங்கள். மருந்துப் பையை ஒருவரே சுமக்க வேண்டாம். அவர் பின்தங்கினால் மருந்தும் பின்தங்கும்.

இறங்கியாயிற்று, மறுபடி ஏறலாமா

லேசான நோயாக இருந்து, வலிமாத்திரை இல்லாமலே ஒரு முழு நாள் அறிகுறியற்று இருந்தால் ஏறலாம், முன்னைவிட மெதுவாக. மூளை வீக்கம் வந்தவருக்கு அந்தப் பயணம் முடிந்தது. டெக்சாமெத்தசோன் நிறுத்தி நன்றாக இருந்தாலும் அப்படியே. இறங்கிய பின்னும் நடை சீராகாவிட்டால், அல்லது மூச்சுத்திணறல் தொடர்ந்தால் மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். நுரையீரலில் ஒரு முறை நீர் கோத்தவருக்கு அதே வேகத்தில் ஏறினால் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். அடுத்த பயணத்தில் அவருக்கு இரவுக்கு 500 மீட்டர் என்பதையும் குறைத்துத் திட்டமிடுங்கள். நிஃபெடிபைனைத் தடுப்பாக எடுக்கலாமா என்பதை மருத்துவரோடு பேசி, அதைக் கிளம்புமுன்பே முடிவு செய்துவிட வேண்டும்.